பணிப்பாளர்கள் வாங்கிய விலை

போன மாதம் நிரோஷா என் கைபேசிக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். பங்குத் தரகு நிறுவனமொன்றின் ஹட்டன் கிளையில் என்னோடு கடைசி நான்கு வருடம் வேலை செய்தவர் அவர். இப்போது கொழும்பில் வேறொரு தரகு நிறுவனத்தில் இருக்கிறார். அந்தச் செய்தி ஏதோ ஒரு முதலீட்டுக் குழுவில் சுற்றிக்கொண்டிருந்ததாம். புதிதாக வந்திருக்கும் ஒரு கனிமக் கம்பனியின் பெயர். அதன் கீழே தடித்த எழுத்தில்: ‘பணிப்பாளர்களே வாங்குகிறார்கள். நீங்கள் ஏன் யோசிக்கிறீர்கள்?’

அடியில் நிரோஷா எழுதியிருந்தார்: ‘மிஸ், நீங்க சொல்ற மாதிரியே இருக்குல்ல? பணிப்பாளருங்க பங்கு வாங்குனா அத எப்படிப் பாக்கணும்னு எங்க புதுப் பிள்ளைங்களுக்கு ரெண்டு பக்கம் எழுதித் தாங்களேன். உங்க அனுபவம் அவங்களுக்கு உதவும்.’

அந்த வசனம் என்னுடையதுதான். இருபத்தாறு வருட வேலையில் அதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று தெரியாது. ஒருவரிடம் சொன்ன நாள் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதை விட்டுவிட்டு அனுபவம் என்று எதையும் என்னால் எழுத முடியாது. நிரோஷாவுக்கும் இது இதுவரை தெரியாது.

நான் கொட்டகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தார். எங்கள் லயத்தில் பங்கு என்றால் தீபாவளிக்கு ஆடு அடித்து வீட்டுக்கு வீடு பிரிப்பதுதான். உயர்தர வகுப்பில் வணிகம் படித்து, ஹட்டன் கிளையில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, பரீட்சைகள் எழுதி முதலீட்டு ஆலோசகரானேன். மருந்துக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். வருகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள், தோட்டத்து உத்தியோகத்தர்கள், பசாரில் கடை வைத்திருப்பவர்கள். எல்லோருக்கும் நான் மிஸ்.

வேலை கற்றுத் தந்தவர் கிளை மேலாளர் தில்லைநாதன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த, உயரமான மனிதர். கம்பனிகளிலிருந்து வரும் அறிவித்தல்களை நின்றுகொண்டே வாசிப்பார். உட்கார்ந்து வாசித்தால் நம்பிவிடத் தோன்றும் என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. வாசித்து முடித்ததும் தாளை மேசையில் கவிழ்த்து வைத்து, “இப்ப சொல்லும் பிள்ளை, என்ன கிடந்தது?” என்பார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு கம்பனியின் பணிப்பாளர், அதாவது அதை நடத்தும் இயக்குநர்களில் ஒருவர், தன் கம்பனிப் பங்கையே பெருந்தொகையாக வாங்கியதாக அறிவித்தல் வந்தது. ஓடிப்போய்க் காட்டினேன். உள்ளே இருக்கிறவரே வாங்கினால் ஏதோ நல்லது தெரிந்துதானே வாங்குவார் என்றேன். அவர் தாளைக் கவிழ்த்தார்.

“எந்தக் கதவால வந்து வாங்கினவர்?”

எனக்கு விளங்கவில்லை.

“நீரும் நானும் வாங்கிற சந்தையில, அதே விலைக்கு வாங்கினவரோ? இல்லாட்டி கம்பனி தன்ர ஆக்களுக்கெண்டு மலிவா ஒதுக்கிக் குடுத்ததை எடுத்தவரோ? போய்ப் பாத்திட்டு வாரும்.”

மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கம்பனி பழைய விலையில் அவருக்குக் கொடுத்திருந்த உரிமையைத்தான் அவர் பயன்படுத்தியிருந்தார். வாங்கிய அன்றே விற்றாலும் அவருக்கு இலாபம்.

அந்த நாளிலிருந்து அவர் சொன்ன ஒழுங்கில்தான் பார்த்தேன். முதலில் கதவு. பிறகு பாரம்: வாங்கியவருடைய சம்பளத்துக்கும், ஏற்கெனவே அவரிடம் இருக்கும் பங்குக்கும் பக்கத்தில் வைத்தால் இது பெரிதா, வெறும் கண்துடைப்பா. அடுத்தது நேரம்: கம்பனி புதிதாகப் பணம் திரட்டப் போவதற்குச் சற்று முன்னால் வாங்கினால், வாங்கியது நமக்குக் காட்டுவதற்காகவும் இருக்கலாம். சுரங்கக் கம்பனி என்றால் இன்னும் ஒன்று. இன்னும் தோண்டவே தொடங்காத கம்பனிக்கு வருமானம் கிடையாது. துளையிடும் இயந்திரம் ஒவ்வொரு நாளும் காசைத் தின்னும். கையிருப்பை மாதச் செலவால் வகுத்து, எத்தனை மாதம் தாங்கும் என்று பார்க்கச் சொல்வார். காசு முடிந்தால் அவர்கள் புதுப் பங்குகளை மலிவாக வெளியிடுவார்கள். பழைய பங்குக்காரனின் பிடி சுருங்கிப்போகும். தேடல் அனுமதிப்பத்திரம் என்பது தோண்டும் அனுமதி அல்ல என்பதையும் அவர்தான் சொன்னார். தேடிப் பார்க்கும் பத்து இடங்களில் ஒன்றில் சுரங்கம் வந்தாலே அதிசயம் என்பார்.

ஒருமுறை நான் கேட்டேன். “சேர், எல்லாம் சரியா இருந்தா நம்பலாமா?”

“உள்ளுக்கு இருக்கிறவன் பொய்தான் சொல்லோணும் எண்டில்லை பிள்ளை. அவனும் உண்மையா நம்பி, தன்ர காசைப் போட்டுப் பிழைபோகலாம். அதால, ஒரு வருசத்துக்குள்ள தேவைப்படுற காசை ஆரும் கொண்டுவந்தால், உந்தக் கம்பனியளுக்குப் போட விடாதேயும். அவையள் கோவிச்சாலும் பரவாயில்லை.”

அவர் ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போனதும் கிளை என் பொறுப்பில் வந்தது. இவ்வளவையும் நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் தெரியாமல் செய்தேன் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

சில வருடங்கள் கழித்து ஒரு காரீயக் கம்பனி சந்தைக்கு வந்தது. பெயர் வேண்டாம். காரீயம் என்பது பென்சிலுக்குள் இருக்கும் கரி. சிங்களத்தில் மினிரன் என்பார்கள். மின்சாரக் கார்களின் பற்றரிக்கு அது தேவை, உலகமே வாங்கும் என்று பேச்சு. கேகாலைப் பக்கம் ஓர் இறப்பர்த் தோட்டத்துக்குள் அவர்கள் துளையிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தடுத்து இரண்டு வாரத்தில் மூன்று பணிப்பாளர்கள் பங்கு வாங்கியதாக அறிவித்தல்கள் வந்தன.

நின்றுகொண்டே வாசித்தேன். ஒருவர் மட்டும் சந்தையில் வாங்கியிருந்தார். அந்தத் தொகை அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்கும் வராது. மற்ற இருவருக்கும் கம்பனி தனியாக ஒதுக்கிக் கொடுத்திருந்தது. சந்தை விலையில் பாதி. பின்னால் அதே விலைக்கு இன்னும் வாங்கும் உரிமையும் கூடவே இருந்தது.

வாசித்தேன், விளங்கியது. ஆனால் அதற்கு மூன்று வாரம் முன்பே என் தம்பியின் பெயரில் இருந்த கணக்கில் அந்தப் பங்கை நான் வாங்கியிருந்தேன். ஆலோசகர்கள் அப்படி வாங்குவதென்றால் மேலிடத்தில் அனுமதி எடுக்க வேண்டும், எடுக்கவில்லை. விலை ஏறவேண்டும் என்ற ஆசை இருந்தது. கிளையில் வியாபாரம் குறைவு என்று தலைமை அலுவலகம் வேறு சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைக்கு என் தலைக்குள் இருந்தவை இவை. எதையும் சாட்டாகச் சொல்லவில்லை.

அந்த வாரம் ரெஜினா அம்மா வந்தார்.

எங்கள் தோட்டத்தின் மருத்துவிச்சி அவர். முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த டிவிஷன்களில் பிறந்த பிள்ளைகளை எல்லாம் கையில் ஏந்தியவர். என் தம்பியையும் அவர்தான் எடுத்தார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்று, சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்திருந்தது. தோட்டம் கொடுத்த குவார்ட்டர்ஸை ஒரு வருடத்துக்குள் விட்டுவிட வேண்டும். கொட்டகலையில் வீடு கட்டப் பத்து பேர்ச் அளவில் காணி ஒன்று பார்த்து வைத்திருந்தார். அதன் விலைக்குக் கையிலிருந்த காசு கொஞ்சம் போதவில்லை.

“கடன் வாங்க பயமா இருக்கு மிஸ். இந்தக் காச ஒரு வருஷத்துல கொஞ்சம் கூட்டிக்க வழி இருக்கான்னு பாருங்க,” என்றார்.

ஒரு வருடம் என்று அவரே சொல்லிவிட்டார். வங்கியில் நிலையான வைப்பில் போடுங்கள் என்று எழுப்பி அனுப்பியிருக்க வேண்டும். நான் அந்தக் காரீயக் கம்பனியைப் பற்றிச் சொன்னேன். ஆபத்து இருக்கிறது என்றும் சொன்னேன். யாரும் காதில் வாங்காத குரலில் அதைச் சொல்லப் பழகியிருந்தேன். பிறகு, “பணிப்பாளர்களே வாங்குறாங்கம்மா. நாம ஏன் யோசிக்கணும்?” என்றேன்.

அவர் உடனே தலையாட்டவில்லை. கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே யோசித்தார்.

“அவங்க என்ன வெலைக்கு வாங்குனாங்க மிஸ்?”

அந்த அறையில் அதற்கு முன் தில்லைநாதன் சேர் மட்டுமே கேட்ட கேள்வி. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர் எந்தப் பயிற்சியும் இல்லாமல் நேரே அங்கே வந்து நின்றார். அறிவித்தல் என் மேசையில்தான் இருந்தது. மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் போதும்.

“நாம வாங்குற அதே வெலைக்குத்தாம்மா,” என்றேன்.

“அப்ப சரி. அவங்களும் நம்மளோட சேந்துதான் நிக்கிறாங்க,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கையிலிருந்ததில் பாதிக்கு மேல்.

நான்கு மாதம் விலை ஏறியது. மாதம் ஒருமுறை வருவார். வரும்போது பட்டர்புரூட்டோ, மரக்கறி ரொட்டியோ கொண்டுவருவார். ஒரு நாள், “கொஞ்சம் கொறைஞ்சா இன்னும் வாங்கிப் போடுங்க மிஸ், காணிக்காரரு இன்னும் கூடக் கேக்குறாரு,” என்றார். அப்போதைய விலைக்குச் சற்றுக் கீழே ஒரு கொள்வனவுக் கட்டளையை அவருடைய கணக்கில் போட்டு வைத்தேன். விலை இறங்கினால் அது தானாக வாங்கும்.

ஐந்தாம் மாதம் கம்பனியின் கணக்கறிக்கை வந்தது. பழைய பழக்கத்தில் கையிருப்பை மாதச் செலவால் வகுத்துப் பார்த்தேன். மூன்று மாதத்துக்குக்கூடப் போதாது. அந்தச் சனிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறினேன். கினிகத்தேனை, யட்டியாந்தோட்டை தாண்டி, இரண்டு பஸ் மாறி, கடைசி மூன்று மைலுக்கு ஓட்டோ பிடித்து அந்த இறப்பர்த் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கம்பனியின் பலகை இருந்தது. துளையிடும் இயந்திரம் இல்லை. அது நின்ற இடத்தில் சேறு காய்ந்து, புல் முளைத்திருந்தது. காவல்காரர் ஒருவர் தகரக் கொட்டகை வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். தரகு நிறுவனத்திலிருந்து வருகிறேன் என்று சிங்களத்தில் சொல்லி, இயந்திரம் எங்கே என்று கேட்டேன்.

“மெஷின் எக கெனிச்சா நோனா. தென் மாச தெகக்,” என்றார். கொண்டுபோய் இரண்டு மாதமாகிறது.

கொட்டகைக்குள் நீள நீளமான மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. பூமியைத் துளைத்து எடுத்த கல் உருளைகள் அவற்றில் வரிசையாகக் கிடந்தன. சோதனைக்கு அனுப்புவதென்றால் உருளையை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியில் வைப்பார்கள். முன்னால் இருந்த பெட்டிகளில் பாதி உருளைகள் இருந்தன. நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஓடியது. பின்னால் போகப் போகக் கோடு இல்லை. வெறும் வெள்ளைக் கல். கடைசி இரண்டு அடுக்கில் உருளைகள் முழுதாக அப்படியே கிடந்தன. யாரும் வெட்டவில்லை, எங்கும் அனுப்பவில்லை. ஆய்வு முடிவுக்காகக் காத்திருக்கிறோம் என்று கம்பனி அந்த வாரமும் அறிவித்திருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ரெஜினா அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை கொட்டகலைக்குப் போயிருக்கலாம். வீட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம்கூட இல்லை. போகவில்லை.

திங்கட்கிழமை சந்தை திறந்ததும் முதலில் தம்பியின் கணக்கில் இருந்த பங்குகளை விற்கப் போட்டேன். எல்லாவற்றையும். அந்தப் பங்குக்கு வாங்குகிறவர்கள் அதிகம் இல்லை. மேலே இருந்த சின்னச் சின்னக் கட்டளைகள் முடிந்து விலை இறங்கியது. பிறகு ஒரே வீச்சில் மீதி எல்லாம் விலைபோனது. நிம்மதியாகத் தேநீர் குடித்தேன்.

சந்தை மூடிய பிறகு அன்றைய கொடுக்கல் வாங்கல் தாள்கள் அச்சாகி வந்தன. தம்பியின் விற்பனை ஒரு தாளில். அடுத்த தாளில் ரெஜினா அம்மாவின் கொள்வனவு. அதே நேரம், அதே விலை. நான் போட்டு வைத்த கட்டளைதான். என் பங்கை வாங்கியவர் அவர்.

அந்தக் கட்டளையை மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். காலையில் வாங்குகிறவர்களின் பட்டியல் திரையில் இருந்தது. அதில் ஒரே ஒரு தொகைதான் பெரியது. அந்த இலக்கத்தை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். எனக்குத் தெரியாமல் இருக்குமா? பார்த்தேன், கண்ணை எடுத்துக்கொண்டேன், பொத்தானை அழுத்தினேன். நடந்தது அதுதான்.

அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். “கொஞ்சம் எறக்கம்மா. நீங்க சொன்ன வெலைக்கு வாங்கியாச்சு. பொறுத்துப் பாப்போம்.”

“நீங்க பாத்துக்குவீங்க மிஸ்,” என்றார்.

இரண்டு மாதத்தில் எல்லாம் வெளியே வந்தது. கம்பனி மிக மலிவான விலைக்கு ஏராளமான புதுப் பங்குகளை வெளியிட்டது. பாதி விலைக்கு வாங்கிய இரண்டு பணிப்பாளர்களும் அதற்கு முன்பே நல்ல இலாபத்துக்கு விற்றிருந்தார்கள். சந்தையில் சொற்பமாக வாங்கிய மூன்றாமவர் மட்டும் விற்கவில்லை. அவர் உண்மையிலேயே நம்பியிருந்தார் போலும். பிறகு அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படவில்லை என்று அறிவித்தல் வந்தது. பங்கு கைமாறுவதும் நின்றது.

ரெஜினா அம்மா அலுவலகத்துக்கு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். நான் விளக்கிக்கொண்டே போனேன். உலகச் சந்தை, காரீய விலை, அனுமதி. அவர் இடைமறித்தார்.

“விடுங்க மிஸ். எனக்கு நேரம் சரியில்ல, நீங்க என்ன செய்வீங்க? நீங்க மனச போட்டு ஒழப்பிக்காதீங்க.”

என்னை அவர் தேற்றினார். நான் தலையாட்டிக்கொண்டு இருந்தேன்.

காணி போனது. குவார்ட்டர்ஸை விட்டு, கொட்டகலையில் ஒரு வீட்டுக்குப் பின்னால் வாடகை அறைக்குப் போனார். அந்த நாட்களில் தில்லைநாதன் சேர் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருமுறை பேசினார். பத்திரிகையில் பார்த்திருக்கிறார். “உந்தக் காரீயக் கம்பனி, உம்மட ஆக்கள் ஆரும் மாட்டுப்பட்டவையோ?” என்று கேட்டார். “இல்ல சேர், நம்ம கிளையில யாருமே வாங்கல,” என்றேன். “நல்லது பிள்ளை,” என்றார். அந்தச் சந்தோஷத்தோடுதான் அவர் இரண்டு வருடம் கழித்துக் காலமானார்.

நான் மேலிடத்துக்கு எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆலோசகர் உரிமம் அன்றே போயிருக்கும். ஓய்வு பெறும்போது மாலை போட்டார்கள். நேர்மைக்கு ஒரு உதாரணம் என்று ஒருவர் பேசினார். அதற்கும் தலையாட்டினேன்.

நிரோஷாவின் செய்தி வந்த இரண்டாம் நாள் கொட்டகலைக்குப் போனேன். தம்பியின் கணக்கிலிருந்து அன்றைக்கு ரெஜினா அம்மாவுக்குப் போன பங்குகளின் விலையை வங்கியில் எடுத்து உறையில் போட்டுக்கொண்டேன். அவர் அறை வாசலில் தண்டங்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார்; கண்ணில் சத்திர சிகிச்சை செய்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வாங்க மிஸ் என்று எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாம் பக்கம், மரப்பெட்டிகள், திங்கட்கிழமை.

கீரை ஆய்வதை அவர் நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் கை ஓடிக்கொண்டிருந்தது.

“அன்னிக்கு நான் கேட்டப்பவே ஒனக்கு தெரியும்.”

“தெரியும்மா.”

உறையை நீட்டினேன். மறுப்பார் என்று உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன் போல. அவர் வாங்கி, எண்ணிப் பார்க்காமல் கீரைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“கமலாவையும் டிஸ்பென்சர் ஐயாவையும் ஞாபகம் இருக்கா?”

எனக்கு நினைவு வரவில்லை. அவர்தான் சொன்னார். கமலா தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்தவர். டிஸ்பென்சர் ஐயா மருந்தகத்தில் ரெஜினா அம்மாவோடு வேலை செய்தவர். விலை ஏறிய மாதங்களில் இருவரையும் அவர்தான் என்னிடம் அழைத்து வந்திருக்கிறார். நான் இருவருக்கும் அதே பங்கை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

“நான் சொல்லித்தான் வந்தாங்க. நல்ல பிள்ள, பொய் சொல்லாதுன்னு சொல்லி கூட்டிட்டு வந்தேன். கமலா மகளோட கலியாணத்துக்கு என்னைய கூப்பிடல. டிஸ்பென்சர் ஐயா சம்சாரம் செத்தப்ப நான் போயி வாசல்ல நின்னுட்டு திரும்பி வந்துட்டேன். உள்ள போக மொகம் இல்ல. இத்தன வருஷம் என்னாலதான் கெட்டாங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன்.”

கீரைக் காம்புகளைக் கூட்டி எடுத்து ஒரு கடதாசியில் சுற்றினார். கையைக் கழுவினார். உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு, குடையோடு வந்தார்.

“வா. கமலா வீடு ஸ்டேசனுக்கு அங்கிட்டுதான். எனக்குச் சொன்னத அங்கயும் சொல்லு.”

தூறலில் தண்டவாளத்தைக் கடந்து நடந்தோம். குடைக்குள் வரச் சொன்னார், வந்தேன். கமலா கதவைத் திறந்ததும் ரெஜினா அம்மாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இது சரோஜா. ஒன்னு சொல்லணும். கேளு,” என்று என்னைக் காட்டினார் ரெஜினா அம்மா.

வாசல்படியில் நின்றபடி இரண்டாம் முறை சொன்னேன். முதல் முறையைவிடக் கடினமாக இருந்தது. இப்போது கேட்பவர்கள் இரண்டு பேர். முடிந்ததும் கமலா என்னைப் பார்க்காமல் ரெஜினா அம்மாவிடம் திரும்பினார்.

“அப்ப ஒங்களுக்கு ஒன்னுமே தெரியாதா அக்கா?”

ரெஜினா அம்மா தெரியாது என்று தலையாட்டினார். கமலா அவருடைய கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கதவு பாதி திறந்தபடி இருந்தது. உள்ளே யாரோ அழும் சத்தமும், பிறகு கோப்பைகள் வைக்கும் சத்தமும் கேட்டன. நான் வெளியிலேயே நின்றேன்.

அரைமணி நேரம் இருக்கும். ரெஜினா அம்மா வெளியே வந்து, கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுவரில் சாத்தியிருந்த குடையை எடுத்தார்.

“டிஸ்பென்சர் ஐயா வீடு ஹட்டன்ல,” என்றார். “அடுத்த பஸ்ஸுல போயிருவோம்.”